எம்பெக்கைத் தூண்களும் மொரட்டுவைப் பட்டறையும்

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருந்தெருவிலே, பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் பிலிமத்தலாவை என்னும் ஊர் வரும். அங்கே இடப்புறமாகத் திரும்பும் கிளைத்தெரு மேடும் பள்ளமுமாக, வயலும் தோட்டமுமாக வளைந்து செல்கின்றது. அந்தத் தெருவை அண்டிய சிற்றூர்களிலே, ஒரு காலைப் பொழுதுக்குள் கண்டு முடிக்கக்கூடிய தூரத்தில், பழமை வாய்ந்த மூன்று ஆலயங்கள் இருக்கின்றன. கடலாதெனிய, இலங்காதிலக, எம்பெக்கை என்பன அவை. மூன்றும் கம்பளையைத் தலைநகராகக் கொண்டு அரசர் ஆண்ட 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எமது கல்லூரியின் தொழினுட்பப் பிரிவு மாணவர் பன்னிருவருடன் சென்ற ஆண்டு விடுமுறையிலே அவ்வழியே பிரயாணஞ் செய்யும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அங்கிருந்து மொரட்டுவைக்குச் சென்று மரத்தளபாடப் பட்டறை ஒன்றையும் பார்த்து வருவதென்பது எமது திட்டம். பழைய மரவேலையையும் புதிய மரவேலையையும் அடுத்தடுத்துக் கண்டால் மாணவர்க்குப் பயனுண்டாகும் என்பதே நோக்கம்.

கடலாதெனிய ஒரு பாறையின்மேல் எழுந்த கற்கோயில். 1344ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அந்தப் பௌத்த விகாரையின் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்பவர். தென்னிந்தியக் கோயில்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அதன் தூண்களும் கூரை விளிம்பும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. இலங்காதிலகமும் அதே ஆண்டினது. அங்குள்ள பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் ஆவலுடன் பார்த்தார்கள். இவ்விரண்டையும் பற்றி விரித்தெழுத வேறொரு சந்தர்ப்பம் வாய்க்கட்டும். இன்று நாம் சொல்ல எடுத்துக்கொண்டது மரத்தைப் பற்றிய செய்தியாகும்.

எம்பெக்கை மண்டபம்

எம்பெக்கையிலுள்ளது கதிர்காமக் கடவுளின் தேவாலயம். மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் (1357-1374) காலத்திலே தோன்றியது. முருகனை வழிபடும் எமக்கு, மலைநாட்டின் ஒரு சிங்களக் கிராமத்திலே அவனுடைய திருத்தலம் இத்தனை நூற்றாண்டுகளாக விளக்கேற்றிப் போற்றப்பட்டு வருவது மனத்துக்கு இதமளிக்கும் செய்தி. ஆனால் இங்கே உலகத்தாரை ஈர்ப்பது கருவறைக்கு முன்னுள்ள முரசு மண்டபமே. சுவரில்லாத திறந்த மண்டபம் அது. ஓட்டுக் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்கள் யாவும் மரத்தாலானவை. சதுரமாகத் தொடங்கும் தூண், எண்பட்டையாக மாறி, மீண்டும் சதுரமாகி, உச்சியிலே தாமரை இதழ்களாக விரிகின்றது. சதுரமாயுள்ள இடங்களில் நாற்புறமும் நான்கு சிற்பங்கள். கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, மற்போர் புரியும் இரு வீரர், நடனமாது, பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், குதிரை வீரன், கொடிப் பின்னல்கள் என ஒன்றைப்போல் ஒன்று அமையாத வகையில் அவை செதுக்கப்பட்டுள்ளன. கணக்கிட்டோர் 500க்கு மேல் என்று சொல்கின்றனர். இவற்றைச் செய்த தச்சர்களின் தலைவர் தெல்மட மூலாச்சாரி என்பது வழிவழி வந்த செய்தி.

மண்டபத்தின் ஒரு கோடியிலே நின்று அண்ணாந்து பார்த்தால் இன்னொரு விந்தையும் தெரியும். கூரையின் 26 கைமரங்கள் விசிறிபோல ஓரிடத்திலே வந்து கூடுகின்றன. அத்தனையையும் ஒரே ஒரு பெரிய மர ஆப்பு பிணைத்து நிற்கின்றது. ‘மடோல் குருப்பாவ’ என்று சிங்களத்திலே அதனை அழைக்கின்றனர். ஆணியடித்துப் பழகிய எமது காலத்துக் கண்கள் அந்த இடத்தை விட்டு எளிதில் அகலமாட்டா.

நாம் தூண்களைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது மாணவன் ஒருவன், அன்னப் பின்னலின்மேல் விரலை வைக்காமல் அண்மையிற் பிடித்துக்கொண்டு, “சேர், இந்த உருவத்தை வேறாகச் செய்து தூணிலே ஒட்டினார்களா?” என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிக்கத்தக்கதன்று. உருவம் தூணின்மேல் புடைத்து நிற்பதாகவே கண்ணுக்குப் படுகின்றது. உண்மையோ அதற்கு நேர்மாறானது. உருவத்தின் உச்சிதான் பழைய மரத்தின் மேற்பரப்பு. சிற்பி உருவத்தை உயர்த்தவில்லை. உருவத்தைச் சூழ்ந்த நிலத்தையே தாழ்த்தினான். அன்னம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அன்னம் அல்லாத மரம் மாத்திரமே அகன்று போயிற்று.

இதனைக் கூறியதும் அவன் விடவில்லை. “அப்படியானால் நிலம் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக இருப்பது எப்படி, சேர்? கையால்தானே வெட்டினார்கள்?” என்றான். புடைப்புச் சிற்பத்தின் உயிர்நிலை இந்தக் கேள்வியிலேதான் இருக்கின்றது. ஓரிடத்தில் உளி சற்று மிகுதியாக இறங்கிவிட்டால், அந்தப் பள்ளத்துக்கு ஒப்பாக முழு நிலத்தையும் தாழ்த்த வேண்டும். அல்லது குழி விழுந்த முகம்போல அது என்றென்றைக்கும் நிற்கும். வெட்டிய மரத்தைத் திரும்ப வைக்க எவராலும் முடியாது. மண்ணைக் குழைத்து வனைபவனுக்கு உள்ள சலுகை மரத்தைச் செதுக்குபவனுக்கு இல்லை.

எம்பெக்கையிலே இன்றும் மரச் செதுக்கு வேலையால் வாழும் குடும்பங்கள் உள்ளன. தேவாலயத்துக்குச் செல்லும் வழியிலே கடை வைத்திருந்த ஒருவரிடம் அக்கேள்வியை நாம் எடுத்துச் சென்றோம். அவர் விடையைச் சொல்லாமற் செய்து காட்டினார். முதலில் உருவத்தின் எல்லைக்கோட்டிலே உளியை நிமிர்த்திப் பிடித்துத் தட்டினார். பின்னர் எல்லைக்கு வெளியே சிறிது சிறிதாக மரத்தைச் சீவி அகற்றினார். உளியைப் பிடித்த விதத்தைக் கவனிக்கும்படி மாணவர்க்குச் சொன்னோம். அலகின் நுனிக்குச் சற்று மேலே பெருவிரல் அழுந்தியிருந்தது. விரல் மரத்தைத் தொடும்போது உளி நின்றுவிடும். அதற்குமேல் அவர் ஒரு சிறு மரத்துண்டை எடுத்தார். அதன் நடுவே ஓர் ஆணி அடிக்கப்பட்டு, நுனி மறுபுறத்தில் வெளியே நீண்டிருந்தது. அந்தத் துண்டைச் செதுக்கிய பள்ளத்தின்மேல் பாலம்போல வைத்து இங்குமங்கும் நகர்த்தினார். ஆணியின் நுனி மரத்தில் இடறினால் அவ்விடம் இன்னும் உயரம். நுனி எங்கும் இடறாது, எங்கும் மெல்லத் தொட்டுச் சென்றால் நிலம் சமமாயிற்று.

ஒரு துண்டு மரமும் ஓர் ஆணியும் ஆன இந்த எளிய கருவியை மாணவர்கள் தத்தம் குறிப்பேட்டிலே வரைந்து கொண்டார்கள். அடுத்த நாள் மொரட்டுவையிலே அதன் பேரப்பிள்ளையைக் காணப்போகின்றோம் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது.

மொரட்டுவையை நோக்கி

கண்டியிலிருந்து புகையிரதத்திலே கொழும்புக் கோட்டையை அடைந்து, அங்கே கரையோரப் பாதை வண்டியில் ஏறினோம். கொம்பனித்தெருவும் கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் பின்செல்ல, வலப்புறத்தில் கடல் கூடவே வருகின்றது. சில இடங்களில் அலையின் துளி சாளரத்துக்குள் வந்து முகத்தில் விழும். கல்கிசை, இரத்மலானை, அங்குலானை, லுனாவ ஆகிய நிலையங்களின் பின் மொரட்டுவை. ஒருபுறம் கடல், மறுபுறம் பொல்கொடை ஏரி. இரண்டுக்கும் நடுவே நெருங்கிய நகரம். இலங்கையின் தொழினுட்பக் கல்விக்குப் பெயர் பெற்ற மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இங்கே கட்டுபெத்தையிலேதான் இருக்கின்றது. ஆயினும் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றவர்கள் தச்சர்களே. கட்டிலும் அலுமாரியும் கதிரையும் மேசையும் மொரட்டுவையிலே செய்தவை என்றால் அதற்கொரு தனி மதிப்பு உண்டு.

மொரட்டுமுல்லைப் பக்கத்துத் தெருக்களிலே நடந்தால், இருமருங்கிலும் மரவாசனை. வாளின் ஓசையும் இயந்திரத்தின் இரைச்சலும் ஓயாது கேட்கும். கைவினைஞரை இங்கே ‘பாஸ்’ என்று மரியாதையாக அழைப்பார்கள். ஒல்லாந்தர் மொழியில் தலைவனைக் குறித்த சொல் அது. ஒல்லாந்தர் ஆட்சி போயிற்று. பட்டறையிலே அவர்களுடைய சொல் நின்றுவிட்டது.

நாம் சென்ற பட்டறையின் பாஸ் அறுபது வயதைக் கடந்தவர். வெள்ளவத்தையிலே பல தமிழ் வீடுகளுக்கு வேலை செய்தவராதலால் எம்முடன் தமிழிலேயே பேசினார். அன்று அங்கே வயது முதிர்ந்த ஓர் அம்மையாரும் ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். வெள்ளவத்தை வாசி, தமிழர். அவருடைய வீட்டு வளவிலே கணவர் தம் கையால் நட்ட பலாமரம் ஒன்று காற்றில் விழுந்துவிட்டதாம். அந்த மரத்தில் அறுத்தெடுத்த பலகைகள் ஐந்து சுவரோரம் சார்த்தியிருந்தன. கணவர் காலமாகிவிட்டார். அவர் சேர்த்துவைத்த நூல்களை அடுக்குவதற்கு அந்த மரத்திலேயே ஒரு புத்தக அலுமாரி வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். ஐந்தில் மூன்று நிமிர்ந்து நிற்கும் பலகைகளாகவும், மற்ற இரண்டும் அறுபட்டு ஆறு தட்டுகளாகவும் ஆகவேண்டும். ஒன்று பழுதுபட்டால் பதிலுக்கு வைக்க வேறு பலகை கிடையாது. கடையிலே பலாப்பலகை வாங்கலாம்; அந்தப் பலாப்பலகையை வாங்க முடியாது.

அலுமாரியின் அமைப்பை மாணவர்க்குக் கரும்பலகையில் வரைவதுபோல பாஸ் ஓர் ஒட்டுப்பலகைத் துண்டிலே வரைந்து காட்டினார். இரு ஓரப் பலகைகளின் உட்புறத்தில் மும்மூன்று காடிகள். அவற்றிலே தட்டுகளின் முனைகள் புகுந்து அமரும். நடுப்பலகையிலோ இருபுறமும் மும்மூன்று காடிகள். இரு பக்கத்துத் தட்டுகளும் ஒரே மட்டத்தில் வருவதால், காடிகளும் முதுகோடு முதுகாக ஒன்றற்குப் பின் ஒன்று வரும். “இதிலே கவனம் எல்லாம் இந்த நடுப்பலகையிலேதான்” என்றார் அவர்.

மாணவர்கள் கணக்குப் போட்டார்கள். பலகையின் தடிப்பு 20 மில்லிமீற்றர். தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் காடிக்குப் பொருந்தும் என்று வகுப்பிலே படித்திருந்தார்கள். ஆகவே 7 மில்லிமீற்றர். இருபுறமும் 14 போக, நடுவே எஞ்சுவது 6. பாஸ் தலையசைத்துவிட்டு, “பலகையை அளந்தீர்களா, தம்பி?” என்று கேட்டார். அளந்தார்கள். இழைத்துச் சுத்தஞ் செய்ததில் தடிப்புக் குறைந்து 19 மில்லிமீற்றரே இருந்தது. 14 போனால் எஞ்சுவது 5 மாத்திரமே. “நான் வெட்டுவதைக் கணக்குப் பார்ப்பதில்லை, மிஞ்சுவதைத்தான் பார்ப்பேன். நடுவில் மிஞ்சும் மரம், ஒரு காடியின் ஆழத்தை விடக் குறையக்கூடாது” என்றார். அவருடைய முடிவு 6 மில்லிமீற்றர். இருபுறமும் 12 போக, எஞ்சுவது 7. தட்டுகள் இன்னும் நீளம் அறுக்கப்படாமலிருந்தபடியால் இந்த மாற்றத்தால் இடரில்லை.

இயந்திரமும் அதன் முன்னோரும்

காடி வெட்டும் இயந்திரத்தின் பெயர் ரவுட்டர். அதிலும் மேலிருந்து கீழே அமிழ்ந்து மரத்துக்குள் இறங்கும் வகை இது. தட்டையான ஓர் அடித்தட்டு; அதன்மேல் இரண்டு உருக்குத் தூண்கள்; அத்தூண்களில் ஏறியிறங்கும் மின்மோட்டார். தூண்களுள் விற்சுருள்கள் இருப்பதால், கையெடுத்தால் மோட்டார் தானாகவே மேலெழும். மோட்டாரின் கீழ்முனையிலுள்ள கவ்வியிலே வெட்டும் அலகு பொருந்தியிருக்கும். அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை, சில இயந்திரங்களில் 20,000 முறைக்கு மேலாகவும் சுழலும். இவ்வகை இயந்திரம் ஜெர்மனியிலே எலு என்னும் நிறுவனத்தால் 1949ஆம் ஆண்டளவில் உருவாக்கப்பட்டது.

இதற்கு முன்னே இவ்வேலையைச் செய்தது ஒரு கைக்கருவி. பாஸ் தம் பெட்டியிலிருந்து அதனையும் எடுத்துக் காட்டினார். இருபுறமும் பிடியுள்ள ஓர் இரும்புத் தட்டு. நடுவே கீழ்நோக்கி வளைந்த சிறு அலகு. தட்டு மரத்தின் மேற்பரப்பிலே தங்கி நகர, அலகு குறித்த ஆழத்திலே பள்ளத்தின் அடியைச் சமப்படுத்தும். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 1884ஆம் ஆண்டுக் காப்புரிமையின்படி செய்து விற்ற 71ஆம் இலக்கக் கருவி இவ்வகையிலே பெயர்பெற்றது. அதற்கும் முற்பட்டது மரக்கட்டையிலே ஓர் உளியைச் செருகிச் செய்த கருவி. ஒற்றைப் பல் நீண்டு நிற்கும் அதன் தோற்றத்தைக் கண்டு ஆங்கிலத் தச்சர் அதற்குக் ‘கிழவியின் பல்’ என்று பெயரிட்டார்கள். மாணவர்கள் இதைக் கேட்டு நகைத்தாலும், ஒருவன் உடனே குறிப்பேட்டைப் புரட்டி எம்பெக்கையில் வரைந்த ஆணித்துண்டை மற்றவர்களுக்குக் காட்டினான். மேற்பரப்பிலே தங்கும் ஒரு தட்டு. அதிலிருந்து குறித்த அளவு கீழே நீளும் ஒரு முனை. ஆணித்துண்டும் கிழவியின் பல்லும் மின்சார ரவுட்டரும் ஒரே எண்ணத்தின் மூன்று வடிவங்கள்.

ஆழத்தை அமைத்தல்

ரவுட்டரின் பக்கத்திலே ஒரு மெல்லிய கோல் செங்குத்தாக நிற்கின்றது. அதனை ஆழக்கோல் எனலாம். அதற்கு நேர் கீழே, அடித்தட்டின்மேல், ஒரு சிறு சுழல்வட்டு. அதில் வெவ்வேறு உயரமுள்ள மூன்று திருகாணிகள். மோட்டார் கீழிறங்கும்போது ஆழக்கோலும் இறங்கி, திருகாணியின் தலையிலே முட்டும். முட்டியதும் அலகு அதற்குமேல் இறங்காது. ஆகையால், கோலின் அடிக்கும் திருகாணியின் தலைக்கும் இடையே எவ்வளவு வெளி விடுகின்றோமோ அவ்வளவே மரத்தில் விழும் ஆழம்.

அவ்வெளியைச் சரியாக விடுவதற்கு முதலில் சுழியம் எது என்று அறியவேண்டும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைச் சமமான ஒரு மரத்துண்டின்மேல் வைத்து, அலகின் நுனி மரத்தைத் தொடும்வரை மோட்டாரைத் தாழ்த்திப் பூட்டவேண்டும். சுழல்வட்டைத் திருப்பி, மிகத் தாழ்ந்த திருகாணியைக் கோலின்கீழ் கொண்டுவரவேண்டும். கோலைத் தளர்த்தி அதன் தலையிலே அமரவிட்டால் அதுவே சுழியம். அங்கிருந்து கோலை அளவுகோட்டின்படி 6 மில்லிமீற்றர் உயர்த்தி இறுக்கினால் காரியம் முடிந்தது.

கேட்பதற்கு எளிது. பாஸ் எம்முடைய மாணவன் ஒருவனை அழைத்து, கழிவுப் பலகை ஒன்றிலே செய்து பார்க்கும்படி சொன்னார். அவனுடைய தந்தை தச்சுவேலை செய்பவர். ஆதலால் அவனுக்கு உற்சாகம் அதிகம். படிப்படியாக எல்லாவற்றையும் செய்தான். காதுக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து ஒரு காடியை வெட்டினான். வேணியர் அளவுகோலின் ஆழமுள்ளைக் காடிக்குள் இறக்கிப் பார்த்தபோது 6.5 மில்லிமீற்றர் காட்டிற்று.

அரை மில்லிமீற்றர் பெரிதா என்று சிலர் முகம் கேட்டது. கணக்கை அவனே சொன்னான். இருபுறமும் 13 போனால் எஞ்சுவது 6. ஒரு காடியின் ஆழமோ ஆறரை. பாஸின் விதி அங்கேயே உடைந்து போகின்றது. தவறு எங்கே நேர்ந்தது? சுழியம் எடுக்கும்போது அவன் மோட்டாரை அழுத்திப் பிடித்திருந்தான். கூரிய அலகின் நுனி மென்மையான மரத்திலே சற்றுப் புதைந்து விட்டது. மேற்பரப்பென்று அவன் எண்ணிய இடம் மேற்பரப்புக்குக் கீழே இருந்தது. “இலையின்மேல் ஈ உட்காருவது போலத் தொடவேண்டும், நெல்லிலே உலக்கை விழுவது போலத் தொடக்கூடாது” என்றார் பாஸ். தொடக்கம் பிழைத்தால், அதன்பின் செய்யும் அளவுகள் எத்தனை திருத்தமாயிருந்தாலும் பயனில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லியிருக்க முடியாது.

பின்னர் அவர் தம் முறையைக் காட்டினார். அளவுகோட்டின் நுண்ணிய கோடுகளை வயதான கண்கள் நம்புவதில்லை என்று சொல்லிக்கொண்டே, 6 மில்லிமீற்றர் துளையிடும் அலகு ஒன்றை எடுத்தார். அதன் வழவழப்பான தண்டை ஆழக்கோலுக்கும் திருகாணிக்கும் இடையே வைத்து, கோலை அதன்மேல் அமரவிட்டு இறுக்கினார். தண்டை உருவி எடுத்ததும், அதன் தடிப்பளவு வெளி சரியாக நின்றது. படிப்பதற்கு ஒன்றுமில்லை, கண் பிழைக்க இடமுமில்லை. வேண்டிய ஆழத்துக்கேற்ற தடிப்புடைய எந்தத் துண்டையும் இவ்வாறு பயன்படுத்தலாம். மாணவன் இம்முறையில் மீண்டும் ஒரு காடி வெட்டினான். ஆழமுள் 6 என்று காட்டியது.

மற்றொரு பாடமும் இருந்தது. 6 மில்லிமீற்றர் ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டிவிடலாமே என்று ஒருவன் கேட்டான். வெட்டலாம், ஆனால் அலகுக்குப் பாரம் மிகும், மரம் கருகும், விளிம்பு சிதறும், இயந்திரம் கைமீறி இழுக்கவும் கூடும். சுழல்வட்டிலே மூன்று திருகாணிகள் இருப்பது இதற்காகவே. உயர்ந்த திருகாணியில் முட்டும்போது 2 மில்லிமீற்றர், அடுத்ததில் 4, தாழ்ந்ததில் 6 என அவற்றை அமைத்துக்கொண்டார். சாதாரண வேலைக்கு இரண்டு ஓட்டம் போதுமென்றும், இந்த மரத்துக்கு மூன்று ஓட்டம் செய்வதென்றும் சொன்னார்.

ஆழத்தைக் களவாடும் வேறு இரண்டு பகைவர்களையும் அவர் காட்டிக் கொடுத்தார். ஒன்று மரத்தூள். திருகாணியின் தலையிலே தூள் படிந்தால் கோல் முன்னதாகவே முட்டிவிடும், காடி ஆழங்குறையும். தட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்க, ஒரு காடி மாத்திரம் ஆழங்குறைந்தால் அவ்விடத்தில் நிற்கும் பலகை வெளியே தள்ளப்பட்டு அலுமாரி கோணிவிடும். ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் ஒரு தூரிகையால் அதைத் துடைக்கவேண்டும். மற்றது கவ்வியின் தளர்ச்சி. இறுக்கம் போதாவிட்டால் சுழலும் அலகு, சிறப்பாகச் சுருள்வடிவான அலகு, வேலையின் நடுவே சிறிது சிறிதாகக் கீழிறங்கும்; காடியும் போகப்போக ஆழமாகும். அளவுகோட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆதலால் வெட்டிய பின்னும் அளக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

பலாப்பலகை

இத்தனைக்கும் பின்னரே நடுப்பலகை மேசைக்கு வந்தது. புதிதாக இழைத்த பலாவின் மஞ்சள் நிறம் பட்டறையின் அந்த மூலையையே ஒளிபெறச் செய்தது. நாளடைவில் அது தேன்நிறமாகி, பின்னும் கறுத்துச் செம்மையுறும் என்பதை வாசகர் அறிவர். ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து இறுக்கி, இயந்திரத்தின் விளிம்பை அதனோடு அணைத்துப் பாஸ் முதல் ஓட்டத்தைத் தொடங்கினார். அம்மையார் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். மாணவர் எவரும் பேசவில்லை. முதலில் 2, துடைத்தல், பின்னர் 4, துடைத்தல், பின்னர் 6. மூன்று காடிகள் முடிந்ததும் பலகையைப் புரட்டி, மறுபுறத்துக் கோடுகளை மூலைமட்டத்தால் ஒத்துப் பார்த்தார்.

மறுபுறத்தின் முதற் காடியை வெட்டுமுன் அவர் இயந்திரத்தை நிறுத்திவைத்து, கவ்வியை மறுமுறை இறுக்கிப் பார்த்து, கழிவுப் பலகையில் இன்னுமொரு காடி வெட்டி அளந்தார். அத்தனை முறை செய்த வேலையை மீண்டும் சோதிப்பதற்குக் காரணம் என்னவென்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். “இந்தப் பக்கம் பிழைத்தால் மறுபக்கமும் சேர்ந்து போய்விடும், தம்பி” என்று மாத்திரம் விடை வந்தது.

எல்லாம் முடிந்தபோது பலகையின் விளிம்பிலே அளந்தார்கள். காடிக்கும் காடிக்கும் நடுவே மூன்று இடங்களிலும் 7 மில்லிமீற்றர் மரம் நின்றது. அம்மையார் அருகே வந்து, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இவ்வளவு மெல்லியது அவருடைய புத்தகங்களைத் தாங்குமா, பாஸ்?” என்று கேட்டார். பாரத்தைத் தாங்குவது காடியின் படிதான், நடுவே நிற்கும் மரம் இருபுறத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளப் போதும் என்று பாஸ் விளக்கினார். “உங்கள் பேரப்பிள்ளைகளின் புத்தகங்களையும் தாங்கும், அம்மா” என்றும் சேர்த்துச் சொன்னார்.

விடைபெறுமுன் நாம் அவரிடம் ஒன்று கேட்டோம். இயந்திரம் வந்தபின் கைத்திறனுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதல்லவா என்பதே அது. அவர் மறுக்கவில்லை. முன்னொரு காலத்தில் இவ்வேலையைக் கற்க ஒருவன் ஆண்டுக்கணக்காகப் பட்டறையிலே இருந்தான். இப்பொழுது இயந்திரத்தை வாங்கியவன் மறுநாளே வேலைக்குத் துணிகின்றான். தம்முடைய பிள்ளைகளும் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார்கள் என்றார். பின்னர், “இயந்திரம் நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. அதைத்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்” என்றார். சிறிது வருத்தத்துடன் சொன்னாலும் அவருடைய குரலில் தளர்ச்சி இல்லை.

திரும்பும் வழியிலே எமது சிந்தனை எம்பெக்கைத் தூண்களிலேயே இருந்தது. அம்மண்டபத்தைச் செய்தவர்களுக்கு அளவுகோட்டில் மில்லிமீற்றர் இல்லை, ஆழக்கோலும் இல்லை. ஆயினும் எங்கே நிறுத்துவது என்று அறிந்திருந்தார்கள். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்த அன்னங்கள் கழுத்துப் பின்னி நிற்பதற்கு அந்த அறிவே காரணம். அவ்வறிவு மொரட்டுவையிலே ஒரு முதியவரிடம் இன்னும் இருக்கின்றது. அவருக்குப் பின் அது யாரிடம் இருக்கும் என்பது எமது மாணவரையும், அவர்களைப்போன்ற இளைஞரையும் பொறுத்தது. படித்தவன் உளியைத் தொடுவது தாழ்வென்று எண்ணும் வழக்கம் எம்மவரிடையே முற்றாக ஒழியவில்லை. பெற்றோர் இதனைச் சற்றுச் சிந்திக்கவேண்டும்.

கண்டிக்குச் செல்வோர் தலதா மாளிகையோடும் பேராதனைப் பூந்தோட்டத்தோடும் திரும்பிவிடாமல், ஒரு காலைப்பொழுதை எம்பெக்கைக்கு ஒதுக்குவார்களாக. பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஒரு தூணின்முன் நிறுத்தி, உருவத்தைப் பார்ப்பதோடு அதனைச் சூழ்ந்த நிலத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எமது மாணவன் கேட்ட கேள்வியை அவர்களும் கேட்பார்கள். விடையை அறிய ஒரு தச்சரின் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். கொழும்பிலிருப்போர்க்கு மொரட்டுவை அரைநாட் பிரயாணந்தான். மற்றையோர்க்கு அவரவர் ஊரிலேயே ஒரு பட்டறை இருக்கும்.